லோக்கல் அட்மின் கொடுக்காமலே ஐபி மாற்ற விடலாம்: விண்டோஸின் ‘நெட்வொர்க் கான்ஃபிகரேஷன் ஆபரேட்டர்ஸ்’ குரூப் எப்படி?

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆபீஸ் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வெளியூர் போய் கேமரா, சுவிட்ச், ரவுட்டர், பிஎல்சி (ஆலை இயந்திரங்களைக் கட்டுப்படுத்தும் சின்னக் கணினி) என்று எதையாவது பொருத்துகிற ஆட்கள் உங்கள் கம்பெனியில் இருந்தால், அவர்களுக்கு லோக்கல் அட்மின் உரிமை (அந்த லேப்டாப்பில் எதையும் மாற்றும் முழு உரிமை) கொடுக்கத் தேவையில்லை. அதற்காக எல்லாவற்றையும் பூட்டிவைத்து, கஸ்டமர் முன்னால் அவர்களைக் கையைப் பிசைந்துகொண்டு நிற்க வைக்கவும் தேவையில்லை. எக்ஸ்பி காலத்திலிருந்தே விண்டோஸுக்குள் ‘நெட்வொர்க் கான்ஃபிகரேஷன் ஆபரேட்டர்ஸ்’ என்று ஒரு குரூப் இருக்கிறது. தனியாக வாங்க வேண்டாம், எதையும் இன்ஸ்டால் செய்ய வேண்டாம், ஆளை அதில் சேர்த்தால் போதும், ஐபி முகவரி போன்ற நெட்வொர்க் அமைப்புகளை மட்டும் அவரே மாற்றிக்கொள்ளலாம். இத்தனை வருடமாக இருந்தும் நிறைய ஐடி ஆட்களுக்கு இதன் பெயரே தெரியாது என்பதால்தான் உட்கார்ந்து இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நான் இருப்பது மொரிசியஸ். எபேன் சைபர்சிட்டியில் ஒரு சின்ன கம்பெனியில் லேப்டாப்களையும் அவற்றில் யாருக்கு என்ன உரிமை என்பதையும் பார்த்துக்கொள்வது என் வேலை. எங்கள் டெக்னீஷியன்கள் பெல் மார், ஃபிளிக் ஆன் ஃபிளாக், கிராண்ட் பே என்று கடற்கரை முழுக்க ஹோட்டல் ஹோட்டலாகப் போய் கேமராவும் வைஃபையும் போடுகிறவர்கள். கரும்பு அறுவடை ஆரம்பித்துவிட்டால் ஆலைப் பக்கமும் போவார்கள். இந்த வேலையில் இருப்பவர்களுக்குப் பிரச்சினை என்னவென்று விளக்க வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பெட்டியிலிருந்து எடுத்த ஹிக்விஷன் கேமரா 192.168.1.64 என்ற முகவரியில் உட்கார்ந்திருக்கும். டாஹுவா என்றால் 192.168.1.108. மைக்ரோடிக் ரவுட்டர் 192.168.88.1. அதோடு பேச வேண்டும் என்றால் லேப்டாப்பின் ஐபியையும் அதே வரிசையில் கையால் போட வேண்டும், வேலை முடிந்ததும் மறுபடி டிஹெச்சிபிக்கு (நெட்வொர்க்கே தானாக முகவரி கொடுக்கும் முறைக்கு) திருப்ப வேண்டும். இரண்டு நிமிட வேலைதான், ஒரு நாளில் நாலைந்து தடவை வரும். ஆனால் விண்டோஸைப் பொறுத்தவரை இது அட்மின் செய்ய வேண்டிய வேலை, சாதாரணப் பயனர் தொட்டால் உடனே பாஸ்வேர்ட் கேட்கும்.

நான் முன்பு வேலை பார்த்த ஒரு கம்பெனியில் எல்லா லேப்டாப்பும் முழுக்கப் பூட்டியது. ஒரு முறை மதுரைக்காரத் தம்பி ஒருவனை ரோட்ரிக்ஸ் தீவுக்கு அனுப்பியிருந்தார்கள். இங்கிருந்து விமானத்தில் ஒன்றரை மணி நேரம், நினைத்தவுடன் இன்னொரு ஆளை அனுப்ப முடியாத இடம். போர்ட் மதுரினில் ஒரு கட்டடத்தில் ரெக்கார்டர் மாட்டி முடித்து, கேபிளைச் சொருகி, ஐபியை மாற்றப் போனால் பாஸ்வேர்ட் பெட்டி வந்து நிற்கிறது. அன்றைக்குப் பார்த்துத் தைப்பூசக் காவடி, நாடு முழுக்க விடுமுறை, ஐடி ஆள் காத்ர் போர்ன் மலையடிவாரக் கோயிலில் கூட்டத்துக்கு நடுவே. “அண்ணே, பாஸ்வேர்ட் கேக்குதுண்ணே, என்ன அடிக்கட்டும்?” என்று இவன் போனில் கத்த, அந்தப் பக்கம் மேளச் சத்தத்தில் அவர் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்ல, ஒரு வழியாக வேலை முடிந்தது. ஆனால் அந்த பாஸ்வேர்ட்தான் எல்லா லேப்டாப்புக்கும் ஒரே பாஸ்வேர்ட். அந்த வாரமே ஃபீல்டில் இருந்த எல்லோருக்கும் அது அத்துப்படி. அப்புறம் யார் எதை இன்ஸ்டால் செய்கிறார்கள் என்று யாருக்குமே தெரியாது. பாதுகாப்புக்காகப் பூட்டிய பூட்டுதான் கடைசியில் எல்லோர் கையிலும் அட்மினைக் கொண்டுபோய்க் கொடுத்தது. இதை நான் பல இடங்களில் பார்த்துவிட்டேன், வழி கொடுக்காமல் பூட்டினால் பெரும்பாலும் இங்கேதான் வந்து நிற்கும்.

சரி, இந்த குரூப்பில் ஓர் ஆளைச் சேர்த்தால் அவருக்கு என்ன கிடைக்கும்? நெட்வொர்க் அடாப்டரின் டிசிபி/ஐபி அமைப்பை மாற்றலாம், அதாவது ஐபி முகவரி, சப்நெட் மாஸ்க், கேட்வே, டிஎன்எஸ் (இணையப் பெயர்களை முகவரியாக மாற்றித் தரும் சர்வர்) எல்லாம். அடாப்டரை அணைத்து ஏற்றலாம், பெயர் மாற்றலாம், டிஹெச்சிபி முகவரியை விட்டுவிட்டுப் புதிதாக வாங்கலாம். சிம் கார்டு போடும் வசதி உள்ள லேப்டாப் என்றால் சிம் பூட்டிக்கொண்டபோது பியூகே எண் கொடுத்துத் திறப்பதும் இதில் அடக்கம். அதைத் தாண்டி சாஃப்ட்வேர் இன்ஸ்டால் செய்ய முடியாது, டிரைவர் ஏற்ற முடியாது, இன்னொருவரின் ஃபோல்டரைத் திறக்க முடியாது, கணக்கு உருவாக்க முடியாது. எங்கள் ஆட்களுக்குத் தேவையானதும் மிகச் சரியாக அவ்வளவுதான். நெட்வொர்க்கில் போகும் தகவலைப் பிடித்துப் பார்க்கும் வயர்ஷார்க் வேண்டும் என்று சிலர் கேட்பார்கள். அதற்கு என்பிகேப் டிரைவர் வேண்டும், இந்த குரூப் அதற்கு உதவாது, ஐடி ஆளே முன்கூட்டி ஏற்றிக் கொடுத்துவிட வேண்டும்.

பயன்படுத்தும் விதத்தில் ஒரு விஷயத்தை ஆட்களுக்குச் சொல்லித் தராவிட்டால் நாள் முழுக்க உங்களுக்கு போன் வரும். ரன் பெட்டியில் ‘என்சிபிஏ.சிபிஎல்’ (ncpa.cpl) என்று அடித்தால் பழைய அடாப்டர் பட்டியல் திறக்கும், அதில் ஈதர்நெட் மேல் வலது கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ் போக வேண்டும். அந்த வரியின் பக்கத்தில் கேடயப் படம் இருக்கும், அதை அழுத்தியதும் யூஏசி பெட்டி (உரிமையை உறுதி செய்யும் விண்டோஸின் கேள்விப் பெட்டி) வந்து பெயரும் பாஸ்வேர்டும் கேட்கும். டெக்னீஷியன் அதைப் பார்த்ததும் “அட்மின் பாஸ்வேர்ட் கேட்கிறது, இது வேலை செய்யவில்லை” என்று முடிவு கட்டிவிடுவார். அங்கே அவர் அடிக்க வேண்டியது அவருடைய சொந்த பாஸ்வேர்டைத்தான். இந்த குரூப்பில் இருப்பவர் உள்ளே நுழையும்போது விண்டோஸ் அவருடைய உரிமைகளை இரண்டாகப் பிரித்து, சாதாரணமான பாதியை மட்டும் கையில் கொடுத்துவிட்டு, மீதியை இந்தப் பெட்டிக்குப் பின்னால் வைத்திருக்கும். சொந்த பாஸ்வேர்டை அடித்ததும் அந்த மீதி வந்துவிடும். அதே மாதிரி, குரூப்பில் சேர்த்த கையோடு முயன்று பார்த்துவிட்டு வரவில்லை என்று விட்டுவிடாதீர்கள், ஒரு முறை லாக் ஆஃப் செய்து திரும்ப உள்ளே வந்தால்தான் புது உரிமை ஒட்டும். புதிய செட்டிங்ஸ் ஆப் வழியாக முயல்வதைவிட மேலே சொன்ன பழைய பட்டியல் வழியே போகப் பழக்குங்கள், எக்ஸ்பியிலிருந்து பதினொன்று வரை அந்த ஒரே வழி செல்லும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது, இது நெட் இல்லாமலே வேலை செய்கிறது என்பதுதான். யோசித்துப் பாருங்கள், உரிமை கேட்டு அனுமதி வாங்கும் முறைகள் பெரும்பாலும் எங்கோ இருக்கும் ஒரு சர்வரைக் கேட்டுவிட்டுத்தான் பதில் சொல்லும். ரிமோட் சப்போர்ட்டும் அப்படித்தான். ஆனால் இங்கே கெட்டுக் கிடப்பதே நெட்வொர்க். தப்பான ஐபியோடு நிற்கும் லேப்டாப்புக்குள் நான் எபேனில் உட்கார்ந்துகொண்டு எப்படி நுழைவது? லோக்கல் குரூப் என்பதால் உரிமை அந்த லேப்டாப்பிலேயே எழுதியிருக்கிறது, பாஸ்வேர்டும் முன்பு நுழைந்த நினைவிலிருந்தே சரிபார்க்கப்படும். ரோட்ரிக்ஸ் போனாலும் சரி, ஆலையின் பேஸ்மென்டில் சிக்னலே இல்லாத மூலையில் நின்றாலும் சரி, மாற்றிக்கொள்ளலாம்.

இங்கே புயல் சீசனில் இதன் அருமை இன்னும் தெரியும். 2024 ஜனவரி 15 அன்று பெலால் புயல் வந்தபோது போர்ட் லூயியில் தெருவெல்லாம் வெள்ளம், வண்டிகள் மிதந்தன, எல்லோரும் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு ஓட வேண்டிய நாள். அப்படிக் கிளம்புகிறவர் ஏதோ ஒரு சைட்டில் போட்ட நிலையான ஐபியோடே லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டால், வீட்டு வைஃபை தனி அடாப்டர் என்பதால் பெரும்பாலும் தப்பிக்கும், ஆனால் வீட்டில் கேபிள் போட்டு வேலை செய்கிறவருக்கு நெட் வராது. டிஎன்எஸ்ஸை வைஃபையிலேயே மாற்றி வைத்திருந்தால் அதுவும் வராது. ரோட்டில் இறங்க முடியாத நாளில் ஆளையும் அனுப்ப முடியாது. போனில் “பிராப்பர்ட்டீஸ் போங்க, ஆட்டோமேட்டிக்னு இருக்கிறதைத் தட்டுங்க, உங்க பாஸ்வேர்டையே அடிங்க” என்று சொல்லி நிமிடத்தில் முடித்துவிடலாம் என்பது எவ்வளவு பெரிய நிம்மதி என்று ஹெல்ப்டெஸ்கில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும்.

இதோடு சேர்த்து ஒரு சின்ன வசதியையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பாதிப் பேருக்கு இதுவே போதும், உரிமையே தேவைப்படாது. ஐபிவி4 பிராப்பர்ட்டீஸில் டிஹெச்சிபி தேர்வில் இருக்கும்போது ‘ஆல்டர்நேட் கான்ஃபிகரேஷன்’ என்று இரண்டாவது டேப் ஒன்று இருக்கும். அதில் ஒரு நிலையான முகவரியைப் போட்டு வைத்தால், ஆபீஸில் டிஹெச்சிபி கிடைக்கும்போது அதை எடுத்துக்கொள்ளும், சைட்டில் போய் கேமராவோடு நேராகச் சொருகி டிஹெச்சிபி கிடைக்காதபோது தானாகவே அந்த நிலையான முகவரிக்கு மாறிக்கொள்ளும். இல்லையென்றால் 169.254 என்று தொடங்கும் ஒன்றுக்கும் உதவாத முகவரி வந்து நிற்கும். எப்போதும் ஒரே கம்பெனி கேமரா மட்டும் போடுகிற ஆளுக்கு நான் லேப்டாப் கொடுக்கும்போதே 192.168.1.200 என்று இதில் எழுதிக் கொடுத்துவிடுகிறேன். டிஹெச்சிபி இல்லை என்று முடிவுசெய்ய விண்டோஸ் ஒரு நிமிடம் போல எடுத்துக்கொள்ளும், அதுவரை பொறுக்க வேண்டும், அவ்வளவுதான். திருப்ப மறந்துவிட்டு மறுநாள் ஆபீஸில் வந்து நெட் வரவில்லை என்று நிற்கும் தொல்லையும் இதில் இல்லை. ஆனால் இன்றைக்கு மைக்ரோடிக், நாளைக்கு டாஹுவா என்று வரிசை மாறிக்கொண்டே இருப்பவர்களுக்கு இது ஈடுகொடுக்காது, அவர்களுக்கு குரூப்தான்.

ஆட்களைச் சேர்க்கும் வழிக்கு வருவோம். தனி லேப்டாப், புரோ எடிஷன் என்றால் ‘லோக்கல் யூசர்ஸ் அண்ட் குரூப்ஸ்’ திறந்து சேர்த்துவிடலாம். ஹோம் எடிஷனில் அந்தத் திரை கிடையாது, ஆபீஸ் வேலைக்கு ஹோம் வாங்கியதே தப்பு, அதை விடுங்கள். டொமைனில் (கம்பெனியின் எல்லாக் கணினிகளையும் ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் அமைப்பில்) இருந்தால் கவனமாக இருக்க வேண்டிய ஒரு குழி இருக்கிறது: அதன் பட்டியலான ஆக்டிவ் டைரக்டரியிலும் பில்டின் என்ற இடத்தில் அச்சு அசலாக இதே பெயரில் ஒரு குரூப் இருக்கும். டெக்னீஷியனை அதில் சேர்த்தால் அவருக்கு லேப்டாப்பில் எதுவும் கிடைக்காது, அந்த அமைப்பை நடத்தும் சர்வரான டொமைன் கன்ட்ரோலரில்தான் உரிமை கிடைக்கும், அதாவது எங்கே கொடுக்கவே கூடாதோ அங்கே. லேப்டாப்பில் இருக்கும் லோக்கல் குரூப்பில்தான் சேர்க்க வேண்டும், அதற்கு எல்லா லேப்டாப்புக்கும் அமைப்புகளை அனுப்பும் குரூப் பாலிசி பிரிஃபரன்ஸஸ் வழியாக, ஃபீல்டு லேப்டாப்கள் மட்டும் இருக்கும் ஓயூவில் (ஆக்டிவ் டைரக்டரியின் உட்பிரிவில்) கட்டுவது நல்லது. ரெஸ்ட்ரிக்டட் குரூப்ஸ் வழியாகவும் செய்யலாம், ஆனால் அதில் உறுப்பினர் பட்டியலை எழுதினால் ஏற்கெனவே இருந்தவர்களை அழித்துவிட்டுப் புதிதாக வைக்கும். தெரிந்து செய்தால் அதுவும் நல்லதுதான், யாரும் திருட்டுத்தனமாக உள்ளே நுழைந்து உட்கார முடியாது.

இன்டியூனில்தான் (லேப்டாப்களை இணையம் வழியாக நிர்வகிக்கும் மைக்ரோசாஃப்ட் சேவையில்தான்) சங்கடம், ஐந்து நட்சத்திரத்தில் நான் ஒன்றைக் குறைப்பதற்குப் பாதிக் காரணம் இது. என்ட்பாயின்ட் செக்யூரிட்டியில் லோக்கல் குரூப் உறுப்பினர்களைக் கட்ட அழகான திரை ஒன்று கொடுத்திருக்கிறார்கள், அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ், ரிமோட் டெஸ்க்டாப் யூசர்ஸ், இப்போது யாருமே தொடாத பவர் யூசர்ஸ் வரைக்கும் அந்தப் பட்டியலில் இருக்கிறது, நமக்கு வேண்டிய குரூப் மட்டும் இல்லை. ‘லோக்கல்யூசர்ஸ்அண்ட்குரூப்ஸ்’ என்ற சிஎஸ்பிக்கு (விண்டோஸ் அமைப்பை இன்டியூன் வழியாக மாற்றும் வாசலுக்கு) எக்ஸ்எம்எல் எழுதி, கஸ்டம் பாலிசியாக அனுப்ப வேண்டும், அது விண்டோஸ் 10ன் 20ஹெச்2 பதிப்பிலிருந்துதான் உண்டு. அதில் ‘யூ’ என்று போட்டால் இருப்பவர்களோடு சேர்க்கும், ‘ஆர்’ என்று போட்டால் இருப்பவர்களை மாற்றிவிடும், இந்த ஓர் எழுத்தை அனுப்பும் முன் இரண்டு தடவை பாருங்கள். சரி, எழுதிவிட்டோம் என்று என்ட்ராவில் (மைக்ரோசாஃப்டின் கிளவுட் பயனர் பட்டியலில்) ‘ஃபீல்டு டெக்னீஷியன்ஸ்’ என்று ஒரு குரூப் உருவாக்கி அதை அப்படியே உள்ளே போட்டால் வேலை செய்யாது. என்ட்ரா குரூப்பை லோக்கல் குரூப்புக்குள் வைத்தால் மதிப்பது அந்தப் பட்டியலில் இருக்கும் ஆறு குரூப்களுக்கு மட்டும்தான் என்று மைக்ரோசாஃப்ட் ஆவணத்திலேயே எழுதியிருக்கிறது. ஆளை ஆளாகச் சேர்க்க வேண்டும்.

இல்லையென்றால் எங்களைப் போல ‘இன்டராக்டிவ்’ என்ற அடையாளத்தை, அதாவது எஸ்-1-5-4 என்பதை, உள்ளே சேர்த்துவிடலாம். அந்த லேப்டாப் முன்னால் உட்கார்ந்து யார் நுழைந்தாலும் அவருக்கு இந்த உரிமை கிடைக்கும், பகிர்ந்த ஃபோல்டரைத் திறப்பது போல நெட்வொர்க் வழியாக மட்டும் வருபவருக்குக் கிடைக்காது, ஆனால் ரிமோட் டெஸ்க்டாப்பில் நுழைபவருக்குக் கிடைக்கும். ஆளுக்கு ஆள் லேப்டாப் மாற்றிக்கொள்ளும் எங்களைப் போன்ற இடத்துக்கு இது ரொம்ப வசதி. ஆனால் இதை எல்லா லேப்டாப்புக்கும் அனுப்பிவிட்டால் ரிசப்ஷனில் இருப்பவருக்கும் அக்கவுண்ட்ஸில் இருப்பவருக்கும் கூடக் கிடைத்துவிடும், ஆகவே எந்தெந்த லேப்டாப் என்ற பட்டியலை ஒழுங்காக வைத்திருப்பவர்கள் மட்டும் இதைச் செய்யுங்கள்.

பக்கத்துத் தீவான ரெயூனியனிலிருந்து வரும் லேப்டாப்களில் விண்டோஸ் பிரெஞ்சில் இருக்கும், குரூப்பின் பெயரும் பிரெஞ்சில்தான் இருக்கும். ஆங்கிலப் பெயரை வைத்து எழுதிய ஸ்கிரிப்ட் அங்கே போய் அப்படி ஒரு குரூப்பே இல்லை என்று நின்றுவிடும். இந்த குரூப்பின் அடையாளமான எஸ்-1-5-32-556 என்ற எண்ணை வைத்து எழுதுங்கள், எந்த மொழி விண்டோஸிலும் அந்த எண் மாறாது.

இனி பாதுகாப்பு. இதை மறைத்துவிட்டு நல்லதை மட்டும் எழுதினால் அது மதிப்பீடே இல்லை. 2025 ஜனவரி 14 அன்று வந்த அப்டேட்டில் சிவிஇ-2025-21293 என்ற பாதுகாப்பு ஓட்டையை அடைத்தார்கள், அந்த ஓட்டை நாம் பேசிக்கொண்டிருக்கும் இதே குரூப்பைப் பற்றியது. விண்டோஸின் அமைப்புகள் சேமிக்கப்படும் ரெஜிஸ்ட்ரியில் டிஎன்எஸ்கேஷ், நெட்பிடி என்ற இரண்டு சர்வீஸ்களின் கீழே புதிய சாவிகளை உருவாக்கும் உரிமை இந்த குரூப்புக்கு இருந்தது. அங்கே பெர்ஃபார்மன்ஸ் கவுன்ட்டர் என்ற பெயரில் தன்னுடைய டிஎல்எல் (புரோகிராம் கோப்பு) ஒன்றை ஒருவர் பதிவுசெய்துவிட்டால், அந்தக் கவுன்ட்டரை யாராவது படிக்கும்போது விண்டோஸ் அந்த டிஎல்எல்லை சிஸ்டம் உரிமையோடு ஓட்டும். ஐபி மாற்ற மட்டும் விட்ட ஆள் லேப்டாப்பையே கையில் எடுத்துக்கொள்ளலாம் என்று அர்த்தம், அதன் ஆபத்துக்குக் கொடுத்த மதிப்பெண் பத்துக்கு 8.8. சாதாரண விஷயம் இல்லை. செய்முறையும் பிறகு வெளியாகிவிட்டது. அடைத்த பிறகு அந்தச் சாவிகளில் குரூப்புக்கு இருந்த உரிமையைக் குறைத்துவிட்டார்கள். ஆகவே 2025 ஜனவரி அப்டேட்டோ அதற்குப் பிந்தியதோ ஏறாத எந்த லேப்டாப்பிலும் இந்த குரூப்பில் யாரையும் வைக்காதீர்கள். விண்டோஸ் 10க்கான சாதாரண சப்போர்ட் 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள், இந்த ஓட்டை அதற்குள் அடைபட்டுவிட்டது, ஆனால் இதே மாதிரி அடுத்தது ஒன்று வந்தால் பழைய லேப்டாப்களுக்கு மருந்து தானாக வராது. இந்தச் செய்தி வந்ததும் சில இடங்களில் குரூப்பையே காலி செய்துவிட்டு, வேலை நடக்க வேண்டுமே என்று பழையபடி லோக்கல் அட்மின் கொடுத்தார்கள். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதைதான் அது. லோக்கல் அட்மினாக இருப்பவருக்கு லேப்டாப்பைக் கைப்பற்ற ஓட்டை எதுவும் தேவையே இல்லை, கதவு திறந்தே இருக்கிறது.

ஓட்டை இல்லாமலும் கவனிக்க இரண்டு விஷயம் உண்டு. டிஎன்எஸ்ஸை மாற்ற முடியும் என்றால், கம்பெனி வைத்திருக்கும் டிஎன்எஸ் வடிகட்டியைத் தாண்டிப் போகவும் முடியும். தெரியாத சர்வரைக் காட்டும்படி யாராவது போனில் சொல்லி ஏமாற்றவும் முடியும். டிஎன்எஸ்ஸை மட்டும் நம்பி இருக்காமல் லேப்டாப்பிலேயே ஓடும் பாதுகாப்பும் இருக்க வேண்டும். இரண்டாவது ஃபயர்வால். அட்வான்ஸ்டு ஃபயர்வால் திரையைச் சாதாரணப் பயனர் திறந்தால் வரும் எச்சரிக்கையைப் படித்துப் பாருங்கள், அட்மினிஸ்ட்ரேட்டர்களோடு நெட்வொர்க் ஆபரேட்டர்களும் உள்ளே வரலாம் என்று அதிலேயே இருக்கும். நான் செய்வது, ஃபயர்வால் விதிகளை எல்லாம் பாலிசி வழியாக அனுப்பிவிட்டு, லேப்டாப்பில் உள்ளூரில் எழுதும் விதிகள் செல்லாது என்ற அமைப்பையும் போட்டுவிடுவது. அப்புறம் யார் திறந்து எதை எழுதினாலும் பாதிப்பு இல்லை. ஹோட்டல் விருந்தினர்களின் முகம் பதிவாகும் கேமராக்களைத் தொடுகிற லேப்டாப்கள் இவை, இந்த நாட்டில் 2017 தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, அலட்சியமாக விட்டால் பதில் சொல்ல வேண்டியது டெக்னீஷியன் இல்லை, கம்பெனி. கூடவே விண்டோஸ் பதிவில் 4732 என்ற ஈவென்ட்டையும் கவனியுங்கள், லோக்கல் குரூப்பில் யாரைச் சேர்த்தாலும் அது பதிவாகும், நாம் சேர்க்காத பெயர் வந்தால் உடனே போன் எடுக்க வேண்டும்.

மாற்று வழிகளையும் பார்த்தேன். விண்டோஸ் லேப்ஸ் 2023 ஏப்ரல் அப்டேட்டிலிருந்து விண்டோஸுக்குள்ளேயே வந்துவிட்டது, லேப்டாப்புக்கு லேப்டாப் வேறு வேறு அட்மின் பாஸ்வேர்ட் வைத்து, பயன்படுத்திய பிறகு தானாக மாற்றிவிடும். கட்டாயம் வைத்திருக்க வேண்டியது, நான் மேலே சொன்ன ரோட்ரிக்ஸ் கதையில் ஒரே பாஸ்வேர்ட் எல்லோருக்கும் பரவிய தொல்லை இது இருந்தால் வராது. ஆனால் அது அவசரத்துக்குத்தான், தினம் நாலைந்து தடவை ஐபி மாற்றுகிறவர் தினமும் போன் செய்து பாஸ்வேர்ட் கேட்பது நடக்கிற காரியமா? போதாததற்கு, பாஸ்வேர்ட் மாறுவதற்கு லேப்டாப் டைரக்டரியோடு பேச முடிய வேண்டும். வாரக்கணக்கில் சைட்டில் கிடக்கும் லேப்டாப் திரும்பி வரும்வரை பழைய பாஸ்வேர்டே செல்லும்.

இன்டியூனின் என்ட்பாயின்ட் பிரிவிலேஜ் மேனேஜ்மென்ட்டைத் தனியாக வாங்கினால் பட்டியல் விலை ஒருவருக்கு மாதம் 3 டாலர். குறிப்பிட்ட ஒரு புரோகிராமை மட்டும் உயர்ந்த உரிமையில் ஓட்ட விடுவதற்கு அது அருமையான பொருள், நானே மற்ற வேலைக்குச் சிபாரிசு செய்வேன். ஆனால் அது உயர்த்துவது கோப்புகளை: இஎக்ஸ்இ, எம்எஸ்ஐ, பவர்ஷெல் ஸ்கிரிப்ட். அடாப்டர் பிராப்பர்ட்டீஸ் என்பது தனி இஎக்ஸ்இ கிடையாது. ஐபி மாற்றும் ஸ்கிரிப்ட் ஒன்றை நாமே எழுதிக் கையெழுத்திட்டு அனுப்பினால் முடியும், நாலு பேர் இருக்கும் ஐடி டீமுக்கு அது சரி, என்னைப் போலத் தனியாளுக்கு அது இன்னொரு வேலை. ஐபி மாற்றுவதற்காக மட்டும் இதை வாங்காதீர்கள்.



ஐந்துக்கு நாலு நட்சத்திரம். குறைத்த ஒன்றில் பாதி இன்டியூன் பட்டியலில் இல்லாததற்கு என்று சொன்னேன். மீதிப் பாதி, இந்த குரூப் எல்லா அடாப்டரையும் ஒன்றாகத் திறந்துவிடுகிறது என்பதற்கு. எங்கள் ஆட்களுக்கு ஈதர்நெட் மட்டும் போதும், கேபிள் சொருகி கேமராவோடு பேசத்தான் கேட்கிறார்கள், வைஃபையின் டிஎன்எஸ்ஸில் அவர்களுக்கு எந்த வேலையும் கிடையாது. ஈதர்நெட்டைக் கொடு, வைஃபையை விடு என்று சொல்ல இதில் இடமில்லை. அப்படி ஒரு வசதி வரும்வரை நான் செய்துகொண்டிருப்பது, ஃபீல்டு லேப்டாப்களில் யூஎஸ்பி ஈதர்நெட் அடாப்டர் ஒன்றைக் கூடவே கொடுத்து, “சைட் வேலைக்கு இதை மட்டும் தொடுங்க, மத்ததுல கை வைக்காதீங்க” என்று பெயரையும் ‘சைட்’ என்றே மாற்றி வைப்பது. வாய்மொழிக் கட்டுப்பாடுதான், ஆனால் பட்டியலைத் திறந்ததும் எதைத் தொட வேண்டும் என்று பெயரிலேயே தெரிவதால் வைஃபையில் நிலையான ஐபி போட்டுக்கொண்டு வரும் லேப்டாப்கள் இப்போது என் மேசைக்கு வருவதில்லை.